மதிலும் பொட்டும்: றியாத் நகரை வாசித்தல்

குபெர்டினோவிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் இம்முறை ஐந்து நாட்கள் றியாத்தில் தங்கினோம். 2019 செப்ரெம்பரில் சவூதி அரேபியா உல்லாசப் பயணிகளுக்கு விசாவைத் திறந்துவிட்ட பின்னர், அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அந்நாட்டுக்குள் நுழைவது சிரமமான காரியமல்ல. ஒரு காலத்தில் எந்தக் கடவுச்சீட்டும் இல்லாமல் விமான நிலையங்களில் குந்தியிருந்த நாங்கள் இன்று இப்படி எழுதக்கூடியதாக இருப்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதை மறைத்துவிட்டுப் பார்த்ததை மட்டும் சொல்வதில் நேர்மையில்லை.

பயணக் கட்டுரை எழுதும் நோக்கம் எமக்கில்லை. அரபு நாடுகளைப் பற்றி எம்மவர் எழுதிய பயணக் கட்டுரைகள் போதியளவு உண்டு. அவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது வகை, கோபுரங்களின் உயரத்தை அளப்பது. பாலைவனத்தில் எழுந்த அதிசயம், பளிங்குத் தரை, வெயிலே தெரியாத கடைத்தொகுதி என்று அது வியந்து முடியும். இரண்டாவது வகை, வாளையும் பர்தாவையும் தவிர வேறெதையும் காணாதது. முதலாமவர் திரும்பும்போது தங்கம் வாங்கி வருகிறார். இரண்டாமவர் பெரும்பாலும் போகாமலே எழுதிவிடுகிறார். அந்த நகரத்தில் மனிதர் எப்படி வீடு கட்டினார்கள், அயலவரோடு எப்படி வாழ்ந்தார்கள், அந்த வீடுகளைக் கூட்டித் துடைத்தவர் யார் என்ற கேள்விகள் இருவருக்கும் எழுவதில்லை. நாங்களும் இந்த இரண்டு வகையையும் வாசித்து வளர்ந்தவர்களே. முதல் இரண்டு நாட்களும் எங்கள் கண்கள் அந்த வழியிலேயே போயின.

ஒலையா வீதியில் ஃபைசலியா கோபுரம் நிற்கிறது. உயரம் 267 மீற்றர். 2000ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. உச்சியை அண்டி ஒரு கண்ணாடிக் கோளம். இதனை வடிவமைத்தது நோர்மன் ஃபொஸ்டரின் நிறுவனம். குபெர்டினோவில் 2017இல் திறக்கப்பட்ட அப்பிள் நிறுவனத்தின் வட்டக் கட்டடத்தை வடிவமைத்ததும் அதே நிறுவனந்தான். 175 ஏக்கர் நிலம், 9,000 மரங்கள், ஏறத்தாழ 12,000 பேர் வேலைசெய்யும் ஒரு கண்ணாடி வளையம். 2011 ஜூனில் ஸ்ரீவ் ஜொப்ஸ் எங்கள் நகரசபைக் கூட்டத்துக்கு நேரில் வந்து இத்திட்டத்தை விளக்கினார். சில மாதங்களில் அவர் இறந்துபோனார். வளையம் எழுந்தது. ஆனால் ஊரவருக்கு அதனுள் போக வழியில்லை. வீதியிலிருந்து பார்த்தால் மண்மேடும் மரங்களுமே தெரியும். எதிர்ப்புறத்து வருகையாளர் நிலையத்தில் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு மேல்தளத்தில் நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'மூடுண்ட சமூகம்' என்று றியாத்தைப் பற்றி எழுதும் எம்மவரில் பலர், வாழ்நாளில் பாதியைக் கழுத்தில் அட்டை தொங்காவிட்டால் கதவு திறக்காத கட்டடங்களிலேயே கழித்தவர்கள். கண்ணாடி கோபுரமாய் நின்றாலும் வளையமாய்ப் படுத்தாலும், அதைக் கட்டுவதற்கான பணமும் தொழில்நுட்பமும் உலகெங்கும் ஒன்றாகிவிட்டன. றியாத்தின் நவீனத்தை அங்கே தேடிப் பயனில்லை. அதன் மரபையும் அங்கே காணமுடியாது.

*

றியாத் என்ற சொல்லுக்குத் தோட்டங்கள் என்று பொருள். வாதி ஹனீஃபா என்ற பள்ளத்தாக்கை அண்டி, ஈச்சந்தோட்டங்களுக்கு நடுவே, மண்மதில் சூழ்ந்த ஒரு சிற்றூராக அது இருந்தது. 1902 ஜனவரியில் அப்துல் அஸீஸ் இப்னு சவூத் ஒரு சிறுபடையோடு வந்து மஸ்மக் கோட்டையைக் கைப்பற்றினார். 1932இல் சவூதி அரேபியா என்ற இராச்சியம் பிரகடனப்படுத்தப்பட்டது. 1938இல் தம்மாமில் எண்ணெய் பெருமளவில் கிடைத்தது. 1950 அளவில் ஊரின் பழைய மதில்கள் இடிக்கப்பட்டன. அன்று ஒரு இலட்சமளவில் இருந்த சனத்தொகை, 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 70 இலட்சம். 1968இல் ஒப்பந்தமான கிரேக்கக் கட்டடக்கலைஞர் டொக்ஸியாடிஸ் நகரை 2 கிலோமீற்றர் அளவான சதுரங்களாக வெட்டி வரைபடம் தயாரித்தார். பாகிஸ்தானின் இஸ்லாமாபாத்தை வரைந்தவரும் அவரே. இன்று குடிநீர்கூட வளைகுடாக் கரையில் உப்பகற்றப்பட்டு, 400 கிலோமீற்றருக்கு மேல் குழாயில் ஓடி, கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றர் உயரத்திலுள்ள இந்நகருக்கு ஏற்றப்படுகிறது.

இப்படி ஒரு தலைமுறைக்குள் பிடுங்கி நடப்பட்ட நகரம், 'இஸ்லாமிய மரபு' என்பதை எங்கே வைத்திருக்கிறது? இதற்கு விடையாகக் கட்டடக்கலைஞர்கள் காட்டுவது நகரின் நடுவிலுள்ள கஸ்ர் அல் ஹுக்ம் பகுதியை. 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மெற்றோவில் அங்கே போய் இறங்கினோம். மெற்றோவில் தனியாட்களுக்கு ஒரு பகுதியும் குடும்பங்களுக்கு ஒரு பகுதியும் உண்டு. நாங்கள் குடும்பமாகப் போனபடியால் குழந்தைகளின் சத்தத்துக்கு நடுவே இருந்தோம்.

கஸ்ர் அல் ஹுக்ம் என்பது ஆட்சி மாளிகை. அதன் பக்கத்தில் இமாம் துர்க்கி பின் அப்துல்லா பெரிய பள்ளிவாசல். பலஸ்தீனத்தில் பிறந்து ஜோர்தானில் வாழ்ந்த றாசிம் பத்ரான் இவற்றை வடிவமைத்தார். 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. விருதுக்குத் தகுதியான வேலைதான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கக் குவிமாடம் இல்லை. துருக்கியிலிருந்தோ எகிப்திலிருந்தோ இரவல் வாங்கிய அலங்காரம் எதுவுமில்லை. நஜ்த் பகுதி மண்வீடுகளின் நேர்கோட்டுச் சுவர், சிறு முக்கோணத் துளைகள், தட்டைக் கூரை, சதுரத் தூண்களாய் நிற்கும் இரண்டு மினாராக்கள். பதினேழாயிரம் பேர் தொழக்கூடிய பள்ளிவாசல், ஆனால் அது யாரையும் மிரட்டவில்லை. பள்ளிவாசலும் ஆட்சி மாளிகையும் சந்தையும் முன்போலத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவுடன் கண்ணுக்கும் தோலுக்கும் ஒரு ஆறுதல் கிடைக்கிறது. வடக்கே ஒலையாவில் அப்படியொரு நிழல் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் பள்ளிவாசலுக்கும் மாளிகைக்கும் இடைப்பட்ட வெளிக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. பல்லாண்டுகளாக வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் மரணதண்டனைகள் நிறைவேற்றப்பட்ட சதுக்கம் அதுதான். நாங்கள் போன மாலையில் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பேரீச்சம்பழக் கடையொன்றில் வியாபாரி காசு வாங்காமல் இரண்டு பழங்களைக் கையில் வைத்தார். சதுக்கத்தைச் சுற்றிய கட்டடங்களின் அளவையும் நிறத்தையும் புகழ்கின்ற கட்டடக்கலை விமர்சனம், சதுக்கத்தின் உபயோகம் பற்றியும் பேசக் கடமைப்பட்டது. மண்நிறச் சுவர் மரபு என்றால் வாளும் மரபுதானா? இல்லையென்றால், மரபில் எது வேண்டும் எது வேண்டாம் என்று தெரிவு செய்கின்ற அதிகாரம் யாரிடம் இருக்கிறது? 2024ஆம் ஆண்டில் மாத்திரம் அந்நாட்டில் முந்நூறுக்கு மேற்பட்டோருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. சதுக்கம் அமைதியாகிவிட்டது என்பதால் தண்டனை ஒழிந்துவிட்டது என்று எண்ணத் தேவையில்லை.

தெரிவு என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறோம். 1950களிலிருந்து முப்பது வருட காலத்துக்குள் பழைய றியாத்தின் மண்வீடுகளில் பெரும்பாலானவை புல்டோசர்களால் தள்ளப்பட்டன. பிறகு அதே உருவம் கொங்கிறீற்றில் மீண்டும் கட்டப்பட்டுப் 'பாரம்பரியம்' என்ற பெயரைப் பெற்றது. நகரின் வடமேற்கே திரியாவில் அத்துறைஃப் என்ற பழைய மண்நகரம் இருக்கிறது. 1818இல் எகிப்தியப் படை அழித்த சவூதித் தலைநகர் அது. 2010இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இன்று அதற்கு எதிரே விலையுயர்ந்த உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. பிரெஞ்சு மேசையில் இருந்துகொண்டு, விளக்கொளியில் பொன்னாய் மின்னும் மண்சுவரைப் பார்க்கலாம். அந்த மண்ணைக் குழைத்தவனின் பேரன் இந்த மேசைக்கு வருவானா என்பது சந்தேகம்.

*

மரபைத் தேட வேண்டிய இடம் வீடு என்பது மூன்றாம் நாள்தான் எமக்கு உறைத்தது. இதற்கு ஒரு சவூதி அறிஞரின் உதவி கிடைத்தது. ஸாலிஹ் அல் ஹத்லூல் என்பவர் 1981இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் எழுதிய ஆய்வு, அரபு இஸ்லாமிய நகரம் உருவான விதத்தைப் பற்றியது. குவிமாடங்களைப் பற்றிய பேச்சு அதில் முக்கியமில்லை, அயலவர்களின் வழக்குகளே முக்கியம். அவர் காட்டுவது இதுதான்: பழைய இஸ்லாமிய நகரங்களை மேலிருந்து எவரும் வரைந்து கட்டவில்லை. ஒருவர் இன்னொருவருக்குத் தீங்கு செய்யலாகாது என்ற கோட்பாட்டை வைத்துக்கொண்டு, காதிமார் வழக்குக்கு வழக்கு தீர்ப்புச் சொன்னார்கள். உன் சாளரம் அயல்வீட்டு முற்றத்தைப் பார்க்கக்கூடாது. உன் வாசல் எதிர்வீட்டு வாசலுக்கு நேரே திறக்கக்கூடாது. முட்டுச்சந்து அதில் குடியிருப்போர் அனைவருக்கும் பொது. இந்தத் தீர்ப்புகள் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து ஒழுங்கைகளாகவும் முற்றங்களாகவும் உறைந்தன.

1950களில் அரசாங்க உத்தியோகத்தருக்காக மலாஸ் என்ற புதிய குடியிருப்பு கட்டப்பட்டபோது இது தலைகீழாயிற்று. நேர்வீதி, சதுரக் காணி, காணியின் நடுவே வீடு, நாலு பக்கமும் இடம் விட வேண்டும் என்ற சட்டம். முற்றம் உள்ளிருந்து வெளியே போய்விட்டது. அயல்வீட்டு மேல்மாடிச் சாளரம் நேரே எங்கள் முற்றத்தைப் பார்க்கிறது. சனங்கள் என்ன செய்தார்கள்? மதிலுக்கு மேல் தகரமும் பிளாஸ்ரிக் தட்டியும் வைத்து உயர்த்தினார்கள். நாங்கள் மலாஸில் நடந்தபோதும் அவ்விதம் உயர்த்திய மதில்களைக் கண்டோம். வெளியாருக்கு அது அவலட்சணம். எங்களுக்கோ அது ஒரு விமர்சனமாகப் பட்டது. மேலிருந்து வரையப்பட்ட நகரத்துக்கு அதன் சனங்கள் தகரத்தால் எழுதிய மறுப்பு அது.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு இதை விளக்க அதிக பிரயாசை தேவையில்லை. பூவரசு, கிளுவைக் கதியால், வருடாவருடம் கிடுகாலோ பனையோலையாலோ வேலியடைப்பு, சங்கடப் படலை, உள்ளே நாற்சார் வீடு, அதன் நடுமுற்றத்தில் வானம். வெளியில் போகிறவனுக்கு உள்ளே நடப்பது தெரியாது. எல்லைக் கதியாலுக்காகத் தலைமுறைகளாகக் கோடேறிய குடும்பங்கள் எத்தனை! ஆயினும் அதே வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதனூடே அம்மா குனிந்து அடுத்த வீட்டுக்குப் போய்ச் சீனி இரவல் வாங்கி வருவார். மறைப்பும் போக்குவரத்தும் ஒரே வேலிக்குள் இருந்தன.

குபெர்டினோவில் நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த வீடு ஐக்லர் வீடுகளில் ஒன்று. 1960களின் தொடக்கத்தில் ஜோசப் ஐக்லர் என்ற கட்டட வியாபாரி எங்கள் நகரின் கிழக்குப் புறத்தில் இப்படி இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டினார். வீதிப்பக்கம் ஏறக்குறையச் சாளரமே இல்லாத பலகைச் சுவர். உள்ளே போனால் வானத்துக்குத் திறந்த சிறு முற்றம், சுற்றிவரக் கண்ணாடி. ஊரிலிருந்து வந்த எங்கள் அம்மா உள்ளே கால் வைத்ததும், "இதென்ன, எங்கட நாற்சார் வீடு மாதிரிக் கிடக்கு" என்றார். பின்னாளில் அயலவர் மேல்மாடி எழுப்ப விண்ணப்பித்தபோது நகரசபையிலிருந்து எமக்கு அறிவித்தல் வந்தது. மேல்மாடிச் சாளரம் பக்கத்து வளவைப் பார்க்குமானால் அதை மறைக்க மரம் நட வேண்டும் என்பது எங்கள் நகரசபையின் விதி. றியாத்தின் காதி சொன்னதைக் கலிபோர்னிய நகரசபை மரமாக நடச் சொல்கிறது. இதை 'இஸ்லாமிய இறுக்கம்' என்று எவரும் சொல்வதில்லை. இங்கு அதற்குப் பெயர் தனிமையுரிமை, அது வீட்டின் விலையையும் உயர்த்துகிறது.

ஆகவே மதில் உயர்ந்திருப்பதைக் கொண்டு மாத்திரம் ஒரு சமூகத்தை அளக்கமுடியாது என்றே சொல்லத் தோன்றுகிறது. மதில் யாருக்காக உயர்ந்தது, உள்ளே அகப்பட்டவர் வெளியே வர அதில் ஒரு பொட்டு இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

*

இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் றிஸானா நஃபீக் நினைவுக்கு வருகிறார். மூதூரைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. தாய்மொழி தமிழ். 17 வயதில், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு, 2005இல் றியாத் மாகாணத்துத் தவாத்மிக்கு வீட்டுவேலைக்குப் போனார். போய்ச் சில வாரங்களில், அவர் பராமரிப்பில் விடப்பட்ட நான்கு மாதக் குழந்தை இறந்துபோனது. பால் புரைக்கேறியது என்று அவர் சொன்னார். கொலை என்று வழக்கு வந்தது. முதல் விசாரணையில் தகுதியான தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கவில்லை. அன்று கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலத்தை அவர் பின்னர் மறுத்தார். 2007இல் மரணதண்டனைத் தீர்ப்பு. 2013 ஜனவரி 9இல் தலை வெட்டப்பட்டது.

குடும்பத்தின் மானத்தையும் நிம்மதியையும் காப்பதற்கென்று உயர்ந்த அதே மதில், வீட்டுக்குள் அடைபட்ட அந்நியச் சிறுமியைக் கண்ணுக்குத் தெரியாதவளாக்கியது. அயலவனின் பார்வை ஒரு தீங்கு என்று நுணுகி நுணுகிச் சிந்தித்த சட்டமரபு, அயலவன் பாராமல் விடுவதாலும் தீங்கு வரலாம் என்பதை இன்றைய வேலைக்காரியின் விடயத்தில் சிந்திக்கத் தவறியது. கபாலா என்ற பொறுப்பாளர் முறை இதற்கு உறுதுணை. தொழிலாளியின் வதிவிட அனுமதி எசமானின் கையில் இருக்கும். 2021இல் வந்த தொழிற் சீர்திருத்தம் வேலை மாறும் உரிமையைப் பலருக்குத் தந்தது. ஆனால் வீட்டுப் பணியாளர் அதில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கெனத் தனி விதிகள் பின்னர் வந்தன. விதிகள் மதிலைத் தாண்டி உள்ளே போகின்றனவா என்பதுதான் இன்றுள்ள கேள்வி. 2022 கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் வாழ்வோரில் ஐந்தில் இருவர் அந்நாட்டுப் பிரசைகள் அல்லர். அவர்களைச் சேர்க்காமல் அந்த நகரத்தின் மரபைப் பற்றியோ நவீனத்தைப் பற்றியோ பேசுவது பாதி நகரத்தைப் பற்றிப் பேசுவதாகும்.

இதை எழுதும்போது எங்கள் வேலிக்குள்ளும் பார்க்க வேண்டியிருக்கிறது. மலையகத்திலிருந்து பத்து வயதில் கொண்டுவரப்பட்டு யாழ்ப்பாணத்து வீடுகளில் பாத்திரம் கழுவிய பிள்ளைகள் எந்தப் பொட்டால் வெளியே போனார்கள்? படலைக்கு வெளியே நிறுத்திச் சிரட்டையில் தண்ணீர் வார்க்கப்பட்டவர்களுக்கு அந்த நாற்சார் முற்றத்தின் வானம் தெரிந்ததா? கிடுகு வேலிக் கலாசாரம் என்று நாம் பெருமையாகவும் கேலியாகவும் சொல்லிக்கொள்வது அதையும் சேர்த்துத்தான். இதனால் றியாத்தின் குற்றம் குறைந்துவிடாது. அதைச் சொல்பவர் தன் வளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே எங்கள் வாதம்.

றிஸானா கொல்லப்பட்ட கிழமை, எங்கள் நண்பர்கள் வட்டத்தின் மாதாந்தச் சந்திப்பு நடந்தது. ஒருவர் இரங்கல் சொல்ல வேண்டும் என்றார். இன்னொருவர், "அது அவையின்ரை மார்க்கத்துக்குள்ளை நடந்த விசயம், நாங்கள் ஏன் தலையிடுவான்" என்றார். விவாதம் நடக்கவில்லை. தேநீர் வந்தது. தமிழில் விசாரிக்கப்படாமையால் ஒரு தமிழ்ப் பிள்ளையின் வாழ்வு தொலைந்திருக்கலாம் என்ற எண்ணம், தமிழுக்காகவே கூடிய எங்களுக்கு அன்று வரவில்லை. அந்த மௌனத்தில் நாங்களும் இருந்தோம்.

*

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம் பத்ஹாவுக்குப் போனோம். றியாத்தின் பழைய வியாபாரப் பகுதி அது. வெள்ளிக்கிழமைகளில் மலையாளியும் வங்காளியும் பிலிப்பினோவும் இலங்கையரும் தமிழ்நாட்டவரும் வந்து நிரம்பிவிடுவார்கள். ரெலிபோன் அட்டை, ஊருக்குக் காசு அனுப்பும் கடை, பரோட்டா, மரக்கறி. ஐந்து நாட்களில் முதற்தடவையாகத் தோளோடு தோள் உரசி நடந்தோம். கட்டடக்கலை நூல்களில் இடம்பெறாத இந்தத் தெருக்களில்தான், அந்நூல்கள் புகழும் பழைய அரபுச் சந்தையின் உயிர் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியது.

ஒரு தேநீர்க் கடையில் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு ஒருவர் பக்கத்தில் வந்தார். நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். "நீங்கள் யாழ்ப்பாணமோ?" என்றார். ஓம் என்றோம். அவரும் யாழ்ப்பாணம். சோனகத் தெரு. லொறி ஓட்டுகிறார், வந்து இருபது வருடத்துக்கு மேல். குடும்பம் புத்தளத்தில். எங்களுக்கு அளவில்லாத சந்தோசம். ஒஸ்மானியாக் கல்லூரி, பெரியகடை, மணிக்கூட்டுக் கோபுரம் என்று இடங்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்த உற்சாகத்தில் எங்களில் ஒருவர் சொன்னார்: "என்ன தம்பி செய்யிறது, நாங்கள் எல்லாரும் ஊரை விட்டிட்டு வந்த ஆக்கள்தானே."

அவர் கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அக்கா, நீங்கள் ஆமிக்குப் பயந்து வந்தனீங்கள். எங்களை அனுப்பினது ஆமி இல்லை."

1990 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் பணமும் வழியிலேயே பறிக்கப்பட்டன. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். அவருக்கு அப்போது 12 வயது. பள்ளிக்கூடக் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு போனாராம், அதைச் சோதித்தவர்கள் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். "வீட்டுக்குக் கூரை இல்லை இப்ப. காணி எங்கடதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

றியாத்தைப் பற்றிக் கேட்டோம். இது இஸ்லாமிய நாடு, உங்களுக்கு ஆறுதல்தானே என்ற கருத்துப்படக் கேட்டோம். அந்தக் கேள்விக்குள்ளேயே அவரை எங்கள் ஊரிலிருந்து இன்னொரு தரம் அனுப்பிவிட்டோம் என்பது பின்னர்தான் விளங்கியது. அவர் சிரித்தார். "பள்ளிக்குள்ளை ஆருக்குப் பக்கத்திலையும் நிக்கலாம் அக்கா. அரசனெண்டாலும் தோளோடை தோள்தான். வெளியிலை வந்து செருப்புப் போட்டவுடனை நான் அஜ்நபி. இக்காமா முடிஞ்சால் போக வேணும்." அஜ்நபி என்றால் அந்நியன். இக்காமா என்பது வதிவிட அட்டை. ஒரு பெரிய மரபின் உயர்வையும் ஒரு அரசின் கணக்கையும் பிரிக்கும் கோடு எங்கே ஓடுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக நாங்கள் வாசித்த எந்த நூலும் சொல்லவில்லை.

ஒருவர் மாத்திரம் அதற்குக் கிட்ட வந்திருக்கிறார். அப்துல் ரஹ்மான் முனீஃப். சவூதித் தந்தைக்கும் ஈராக்கியத் தாய்க்கும் 1933இல் அம்மானில் பிறந்தவர், எண்ணெய்ப் பொருளாதாரம் படித்தவர். சவூதி அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. 1984இல் தொடங்கி 1989இல் முடிந்த 'உப்பு நகரங்கள்' என்ற ஐந்து பாக நாவல் அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. அதில் வரும் மூரான் என்ற பாலைவனத் தலைநகர் றியாத்தை நினைவூட்டுவது. எண்ணெய் வருமுன் அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அவர் பக்கம் பக்கமாக எழுதுவது பழமையைப் போற்றுவதற்காக அல்ல. பறிக்கப்பட்டது இன்னதென்று பட்டியலிடாமல் பறித்தவனைக் கேள்வி கேட்கமுடியாது என்பதற்காக. நாடு பறிக்கப்பட்ட நிலையில் 2004இல் அவர் டமாஸ்கஸில் இறந்தார். தன் மரபை நேசித்துக்கொண்டே தன் அரசை விசாரித்த எழுத்து அது. எம்மவரின் எழுத்தில் முதலாவது நிறைய உண்டு. இரண்டாவது அதிகமில்லை, அதிலும் எங்கள் பெயரால் எங்கள் ஆட்கள் செய்ததைப் பற்றி மிகக் குறைவு.

*

குபெர்டினோவுக்குத் திரும்பிய பின், எங்களிடமுள்ள புலம்பெயர் சஞ்சிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் பற்றிய நினைவுக் கட்டுரைகளைப் புரட்டினோம். நாங்கள் எழுதியவையும் அவற்றில் உண்டு. கோவில் கொடியேற்றம், பனங்கூடல், சைக்கிள், பள்ளிக்கூடம், முதற் குண்டு, கடைசிப் பஸ். 1990ஐக் கண்டித்த கட்டுரைகளும் தலையங்கங்களும் இருந்தன. அவற்றை எழுதியவர்கள் அன்று அதற்காகத் திட்டு வாங்கினார்கள், அந்த நேர்மையை மறக்கக்கூடாது. ஆனால் நினைவுக் கட்டுரைகளில் சோனகத் தெரு எத்தனை தரம் வருகிறது என்று வாசகர்கள் தாங்களே எண்ணிப் பார்க்கட்டும். கண்டனங்களில் அவர்கள் எழுபதினாயிரம் பேராக வருகிறார்கள். நினைவுகளில் ஒரு தையற்காரராக, ஒரு இறைச்சிக் கடைக்காரராக, வகுப்பில் பக்கத்தில் இருந்த ஒரு பொடியனாக வருவதில்லை. ஊரை நினைவில் திருப்பிக் கட்டும்போதும் நாங்கள் வேலியை அதே இடத்தில்தான் அடைத்திருக்கிறோம்.

றியாத்தைப் பற்றி ஒரு தீர்ப்புக் கேட்டால் இதுவரை சொன்னதற்கு மேல் சொல்ல எமக்கில்லை. பத்ரானின் பள்ளிவாசல் நல்ல கட்டடம். மலாஸின் தகரம் நியாயமான தகரம். தவாத்மியில் நடந்தது அநியாயம், அதை எந்த மரபின் பெயராலும் பூசி மெழுகமுடியாது. பத்ஹாவின் தேநீர் திறமானது. அதற்கும் நாங்கள் காசு கொடுக்கவில்லை. நாங்கள் பணப்பையை எடுக்குமுன் அவரே கொடுத்துவிட்டார். "ஊர் ஆக்கள்" என்று கடைக்காரரிடம் எங்களைக் காட்டிச் சொன்னார்.

பிரியும்போது, இந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றியும் அதற்கு முந்திய பன்னிரண்டு வருடத்தைப் பற்றியும் எழுதித் தரும்படி கேட்டோம். தான் எழுதுகிற ஆளில்லை என்றார். பேசினால் நாங்கள் எழுதியெடுப்போம் என்றோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுதினால் போடுவினமோ?" என்று கேட்டார்.

போடுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.